மூன்று முறை அழைத்தும்

டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிட்டாராம்.
வராந்தாவில், அவருக்கு நேர் எதிரில்,
தூணில் சாய்ந்து நின்றிருந்தேன்.
அவர் வாய் திறந்து மூடியதைப் பார்த்தேன்.
கொட்டாவி என்று நினைத்துக்கொண்டேன்.

ரெஜினா மேடம் ஓடிவந்து தோளைத் தொடுவதற்குள்
மனுதாரர் ஆஜராகவில்லை, தள்ளுபடி என்று
எழுதி முடித்திருந்தார்கள்.
அதை அடிக்க இன்னொரு மனு.
அந்த மனுவுக்கு ஏழு வாய்தா.

கொண்டலாம்பட்டியில் பத்தொன்பது வருஷம்.
ஒரே கொட்டகையில் பதினாறு தறி.
நாங்கள் பேசிக்கொண்டது விரலால்தான்:
தார் தீர்ந்தது, டீ வந்தது,
ஓனர் வருகிறார்
(அதற்குப் புருவம் மட்டும் போதும்).
கரண்ட் போனால்தான் தெரியும்,
காதுக்குள் பதினேழாவது தறி ஒன்று
தனியாக ஓடிக்கொண்டிருப்பது.
அதற்கு சுவிட்ச் இல்லை.

ஒரு நாள் ஓனர் பின்னால் நின்று கத்தியிருக்கிறார்.
பாவு அறுந்து ஒன்றரை மீட்டர் பாழ்.
"செவிட்டுப் பயல வெச்சுக்கிட்டு
நான் எங்க தறி ஓட்டறது,
நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லு."
சொன்னதைக் கையால் எனக்குச் சொன்னவர்
பக்கத்துத் தறி மணிவாசகம்.
சாட்சிக்கு வர மாட்டார்.
அவருக்கும் முன்பணம் பாக்கி.

தறியில் நான் செவிடு.
அஸ்தம்பட்டியில் வழக்குப் போட்டதும்
எனக்குக் காது திரும்பிவிட்டது,
ஓனருடைய எதிருரையின் ஏழாம் பத்தியில்.

ஜி.எச்.சில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள்.
கேட்காததற்கும் ரெண்டு தடவை அழுத்தியிருப்பேன்,
டெஸ்டில் ஃபெயிலாகக் கூடாதே என்று.
முப்பத்தெட்டு சதவீதம்.
நாற்பது இருந்தால்தான் சலுகைக்கு ஆகும்.
மிச்சம் இரண்டு சதவீதம் என்ன சத்தம் என்று
டாக்டரைக் கேட்டேன்.
அவர் சொன்னது கேட்கவில்லை.

எட்டாம் பத்தியில் நான் தொழிலாளியே இல்லை.
தறியை வாடகைக்கு எடுத்து
நானே நெய்து நானே விற்ற வியாபாரி.
வியாபாரியிடம் என்ன இருந்தது?
பி.எஃப். நம்பர் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை.
தீபாவளிக்குக் கொடுத்த எவர்சில்வர் தூக்கு ஒன்று.
அதில் ஓனர் மகள் கல்யாணத் தேதி.

என் பெயர் இருந்தது அவரிடம்தான்.
சிவப்பு அட்டை நீள நோட்டு.
கடனை வசூல் பண்ண
அவரே கோர்ட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.
கி. மாதப்பன், முன்பணம் அறுபத்தைந்தாயிரம்.
சனிக்கிழமை கூலியில் பிடித்தது முந்நூறு.
சனிக்கிழமை கூலியில் பிடித்தது முந்நூறு.
பொங்கல் வாரம், பிடிக்கவில்லை.
சனிக்கிழமை கூலியில் பிடித்தது ஐந்நூறு.
மேடம் பக்கத்தைத் திருப்பித் திருப்பி
ஒரே சொல்லின் மேல் விரல் வைத்தார்.
வாடகைக்கு எடுத்தவனுக்கு ஏதுங்க கூலி?
ஓனர் வேட்டி நுனியைப் பார்த்தார்.
பத்தொன்பது வருஷம் என்னை அமுக்கிய நோட்டு
அன்றைக்கு மட்டும் என் பக்கம் உட்கார்ந்திருந்தது.
கடன் கடன்தான். அதையும் சொல்ல வேண்டும்.

குறுக்கு விசாரணையில் அவர்கள் வக்கீல்
ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று
ஏதோ கேட்டாராம்.
பதில் சொன்னால் காது கேட்கிறது.
சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டேன்.
நானும் ஜன்னலைப் பார்த்தேன்.
சேர்வராயன் மலை மேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது.
மின்னல் வெட்டியது. எல்லோரும் திடுக்கிட்டார்கள்,
என்னைவிட ஒரு நிமிஷம் தாமதமாக.
நீதிபதி பேனாவை நிறுத்தி
என் முகத்தைப் பார்த்தார், பிறகு எழுதினார்.
என்ன எழுதினார் என்று இன்னும் தெரியாது.

தீர்ப்புத் தேதி மூன்று தடவை தள்ளிப்போய்விட்டது.
இப்போது தூணில் சாய்வதில்லை.
டவாலியின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.
என் பெயரைச் சொன்னால்
உதடு இரண்டு தடவை ஒட்டும்,
முதலில் ஒன்று, நடுவில் ஒன்று.
வீட்டுக் கண்ணாடியில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மாரப்பன் என்றாலும் அப்படித்தான்.
பஸ் கம்பெனி மேல் கேஸ் போட்டிருக்கிற ஆள்.
அவருக்காகவும் இரண்டு முறை
உள்ளே போய்க் கைகட்டி நின்றுவிட்டு
வந்திருக்கிறேன்.